பத்துக்குப் பத்து: பொக்கரா வில்வித்தை பற்றிச் சில கேள்விகள்

2019 டிசம்பரில் நேபாளத்தில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியின் வில்வித்தைப் பிரிவு பொக்கராவில் நடைபெற்றது. இருந்த 10 தங்கங்களையும் வங்கதேசமே அள்ளியது. அதைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

திருச்சி வாசகர்: பத்தும் ஒரே நாட்டுக்கா? இந்தியா என்ன செய்துகொண்டிருந்தது?

இந்தியா வில்லோடு வரவே இல்லை ஐயா. இந்திய வில்வித்தைச் சங்கத்தில் இரண்டு அணிகள் தனித்தனியே தேர்தல் நடத்தி, தாங்களே உண்மையான சங்கம் என்று சண்டையிட்டன. உலக வில்வித்தைக் கூட்டமைப்பு பொறுத்துப் பார்த்துவிட்டு, 2019 ஆகஸ்டில் சங்கத்தையே இடைநீக்கம் செய்தது. நாற்காலிச் சண்டைக்கு விலை கொடுத்தவர்கள் வீரர்கள். அதற்கு முன், 2016இல் ஷில்லாங்கில் 10 தங்கத்தையும் வாங்கியது இந்தியாதான். எனவே ஒரே நாடு வாரிச் சுருட்டுவது இந்தப் போட்டிக்குப் புதிதல்ல.

மட்டக்களப்பு வாசகர்: அப்படியானால் வங்கதேசத்துக்குச் சும்மா கிடைத்த தங்கங்கள் என்று சொல்லலாமா?

சொல்லக்கூடாது. 2019 ஜூனில் நெதர்லாந்தில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் வங்கதேச வீரர் ரூமன் ஷானா தனிநபர் வெண்கலம் வென்று, டோக்கியோ ஒலிம்பிக்கில் நேரடியாக இடம் பிடித்தார். அங்கே இந்தியா இல்லாமலா இருந்தது? ஜெர்மானியப் பயிற்சியாளர் மார்ட்டின் ஃபிரெடெரிக்கின் கீழ் அவர்கள் முறையாகத் தயாரானவர்கள். ஆனால் அதே சாம்பியன்ஷிப்பில் ரீகர்வ் (சக்கரமில்லாத வில்) ஆண்கள் அணிப் பிரிவில் இந்தியா வெள்ளி வென்றதையும் மறக்கக்கூடாது. இந்தியா வந்திருந்தாலும் ரூமனின் தங்கம் அவரிடமே இருந்திருக்கலாம்; பத்தும் வங்கதேசத்துக்கே கிடைத்திருக்காது. இது என் கணிப்பு.

உங்கள் இலங்கையும் லேசில் விடவில்லை. ரீகர்வ் ஆண்கள் அணி இறுதியில் 5-3 வரை இழுத்தடித்தார்கள்.

கோவை மாணவி: பெண்கள் தனிநபர் இறுதிகளில் வங்கதேசத்தின் ஈட்டி காத்தூன் வென்றது 7-3, சுமா பிஸ்வாஸ் வென்றது 142-134. ஒரே விளையாட்டில் ஏன் இரண்டு கணக்கு?

வில் வேறு, கணக்கும் வேறு. ஈட்டி எய்தது ரீகர்வ். இலக்கு 70 மீட்டரில். மூன்று அம்புகள் ஒரு செட். செட்டை வென்றால் 2 புள்ளி, சமன் என்றால் ஆளுக்கு 1. தனிநபர் போட்டியில் முதலில் 6 புள்ளியைத் தொடுபவருக்கு வெற்றி. ஓர் அம்பு படுமோசமாகப் போனாலும் போவது அந்த ஒரு செட்தான்.

சுமா எய்தது காம்பவுண்ட், அதாவது சக்கரம் வைத்த வில். இலக்கு 50 மீட்டரில். 15 அம்புகள், மொத்தம் 150 புள்ளிகள், கடைசிவரை கூட்டிக்கொண்டே போவார்கள். இங்கே தவறவிட்ட புள்ளி தவறவிட்டதுதான். ஆண்கள் இறுதியில் சோஹேல் ரானா பூட்டான் வீரரை வென்றது 137-136 என்ற கணக்கில்!

அதே மாணவி: ஆறு போதும் என்றால் ஏழு எப்படி வந்தது?

5-3 என்று இருக்கும்போது ஐந்தாவது செட்டை வென்றால் 7.

சேலம் வாசகர்: காம்பவுண்ட் வில்லில் சக்கரம் எதற்கு? அது ஏமாற்று வேலை இல்லையா?

பலருக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. 50 பவுண்டு இழுவிசை கொண்ட காம்பவுண்ட் வில்லை இழுக்கும்போது பாதி வழியில் கை திணறும். பிறகு சக்கரம் திரும்பிக்கொள்ளும். முழுதாக இழுத்தபின் விரல் தாங்குவது 10, 15 பவுண்டுதான். உருப்பெருக்கும் கண்ணாடி உண்டு, நாணை விடுவிக்க விசைக்கருவியும் உண்டு. ரீகர்வில் இந்தச் சலுகை கிடையாது. முழு பாரத்தையும் மூன்று விரல்கள் தாங்க வேண்டும். அம்பின் முனைமேல் சாய்ந்திருக்கும் மெல்லிய உலோகத் தகடு, சரியான அளவு இழுத்ததும் 'டிக்' என்று வில்லில் அடிக்கும். அந்த ஒலியில்தான் விடுவார்கள். காம்பவுண்டில் கருவி உதவுவதால் எல்லாருமே பத்தை ஒட்டி எய்வார்கள், எனவே ஒன்பது விழுந்தாலே ஆபத்து. ஏமாற்று இல்லை, வேறு வகைக் கஷ்டம்.

பெங்களூரு வாசகர்: பூட்டானின் தேசிய விளையாட்டே வில்வித்தை ஆயிற்றே, அவர்கள் ஏன் தோற்றார்கள்?

தனிநபர் இறுதிகள் நான்கில் மூன்றில் எதிரே நின்றது பூட்டான்தான், அதை முதலில் கவனியுங்கள். அவர்கள் ஊரில் ஆடுவது வேறு ஆட்டம். சிறிய மரப்பலகை இலக்கு, ஏறத்தாழ 145 மீட்டர் தூரத்தில். அடித்தவருக்காகச் சகாக்கள் பாடி ஆடுவார்கள், எதிரணியைக் கேலி செய்வார்கள், பொழுது முழுக்க ஓடும். அதில் பழகியவருக்குப் பன்னாட்டுக் களத்தில் அம்புக்கு 20 விநாடி என்று கடிகாரம் ஓடுவது மூச்சு முட்டும்.

ஈரோட்டுத் தாய்: ஈட்டி காத்தூன் பற்றிப் படித்து என் மகளும் கேட்கிறாள். வயது 11. எந்த வில் வாங்கலாம்?

ஈட்டி அப்போது பதின்பருவத்துச் சிறுமி. குழந்தைத் திருமணத்திலிருந்து தப்பியவர் என்றே பத்திரிகைகள் எழுதின. மூன்று தங்கம் வென்றவரின் எய்தலைப் பற்றி யாராவது நாலு வரி எழுதியிருக்கலாம்.

மகளுக்கு இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள் அம்மா. பயிற்சியிடத்தின் இலேசான மர ரீகர்வே போதும், 15 பவுண்டுக்குள். தோள் வளர வளர வில் மாறும். இன்று வாங்கியது அடுத்த ஆண்டு பரணில் கிடக்கும். விரலுறையும் முன்கைக் காப்பும் மட்டும் சொந்தமாக இருக்கட்டும்.