ஓசியில் எழுதுகிறாள் என்று வருந்தும் அம்மாவுக்கு

அன்புள்ள அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை கொழிஞ்சாம்பாறையில் தையல் கடையைப் பூட்டிவிட்டு, உங்கள் மகள் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். உட்கார்ந்ததும் நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் லேப்டாப்புலயே இருக்காளுங்க. யாருக்கோ ஓசியில பாடம் எழுதிக் கொடுக்கறாளாம். பைசாவும் வராது, சர்டிபிகேட்டும் கிடையாது. நிறுத்தச் சொல்லுங்க." அவளை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பேச முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இப்போது செய்கிற மாதிரியே செய்துகொண்டிருக்கட்டும் என்றும் சொல்ல மாட்டேன்.

முதலில், அவள் என்னதான் செய்கிறாள்? நம் பக்கத்து அரசுப் பள்ளிகளின் கணினி அறையில் ஓடுவது லினக்ஸ், விண்டோஸ் மாதிரி கணினியை இயக்குகிற மென்பொருள். படம் வரைய கிம்ப், கடிதமும் கணக்கும் எழுத லிப்ரே ஆபிஸ் என்று கேரளத்துப் பிள்ளைகள் கட்டற்ற மென்பொருளிலேயே வளர்கிறார்கள். 2018இல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் கணினி மன்றங்களும் அதே வழிதான். இந்த மென்பொருள்களை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், பகிரலாம். ஆனால் அதைச் சொல்லிக் கொடுக்கிற பாடங்களில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கிறது. பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்காவில் தமிழ் வழியில் படிக்கிற பிள்ளை வீட்டுக்கு வந்து தானே கற்றுக்கொள்ள நினைத்தால், கையில் கிடைப்பது கொஞ்சம்தான். பாப்பாவும் அப்படித் தவித்தவள். அந்த இடத்தை நிரப்பத்தான் எழுதுகிறாள். அவள் காட்டிய பாடங்களைப் படித்துப் பார்த்தேன். உண்மையான அக்கறை தெரிகிறது.

சரி, சர்டிபிகேட் கேட்டீர்களே. அதற்கு வருகிறேன்.

அன்றைக்கு அவள் போனில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாள், நீங்களும் எட்டிப் பார்த்தீர்கள். ஒரு வரி சிவப்பில், அதன் கீழே ஒரு வரி பச்சையில். சிவப்பு வரியில் "டெர்மினலைத் திறக்கவும்" என்று இருந்தது. பச்சை வரியில் "கண்ட்ரோல், ஆல்ட், டி மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள், கட்டளை தட்டுகிற ஒரு சாளரம் வரும்" என்று மாற்றியிருந்தாள். அவள் பெயர், தேதி, எதற்காக மாற்றினாள் என்று ஒரு வரிக் காரணம், எல்லாம் பக்கத்திலேயே. கீழே இன்னொருவர் கேட்டிருந்தார்: "எல்லா லினக்ஸிலும் இந்த மூன்று விசையும் வேலை செய்யுமா?" அவள் சோதித்துப் பார்த்து, இது உபுண்டு என்ற லினக்ஸ் வகைக்கு என்று ஒரு சொல்லைச் சேர்த்துப் பதில் போட்டிருந்தாள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய கிட் என்ற கருவி இந்த வரலாற்றை வரிவரியாகக் காக்கிறது. நாளை நேர்முகத் தேர்வில் ஒருவர் "நீ என்ன செய்திருக்கிறாய்?" என்று கேட்டால், அவள் இந்தப் பக்கத்தைத் திறந்து காட்டலாம். பிழையைச் சுட்டினால் கோபப்படாமல் திருத்துகிறாளா, சொன்னதைச் சோதித்துப் பார்க்கிறாளா என்று அவர்களே படித்துத் தெரிந்துகொள்வார்கள். எத்தனையோ பிள்ளைகளின் சான்றிதழ்க் கோப்புகளைப் புரட்டியிருக்கிறேன், இவ்வளவு சொல்கிற காகிதம் அவற்றில் குறைவு.

இனி என் கவலையைச் சொல்கிறேன். அவளிடம் 14 பாடங்கள் இருக்கின்றன. அவற்றில் 11 பாதியில் நிற்கின்றன. முடித்த 3 பாடங்களையும் வேறு யாரும் உட்கார்ந்து செய்து பார்க்கவில்லை. இதை நான் கடுமையாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். 2010 வாக்கில் எங்கள் ஊர் நூலகத்துக்கு வரும் பிள்ளைகளுக்காக கிம்ப் பற்றித் தமிழில் 40 பக்கம் எழுதி, பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்தேன். 2012இல் கிம்ப் 2.8 வந்தது. அதுவரை "சேவ்" கொடுத்தால் ஜேபெக் படமாகச் சேமிக்கலாம். புதிய பதிப்பில் "சேவ்" என்பது கிம்ப்பின் சொந்த வடிவத்துக்கு மட்டும். ஜேபெக் வேண்டுமென்றால் "எக்ஸ்போர்ட்" கொடுக்க வேண்டும். என் கையேட்டின் மூன்றாம் பக்கத்திலேயே பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். திருத்தலாம் என்றால் மூலக் கோப்பு இருந்த பென்டிரைவ் போயே போய்விட்டது. வேறு யாராவது திருத்தித் தரவும் வழியில்லை, பிடிஎஃபை வைத்து என்ன செய்வார்கள்? 40 பக்கமும் வீண். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. 2025 மார்ச்சில் கிம்ப் 3.0 வந்திருக்கிறது. அன்றைக்கே பொதுவிடத்தில், மார்க்டவுன் என்ற எளிய எழுத்து வடிவில், யாரும் திருத்தும்படி வைத்திருந்தால் இன்று வேறொரு பிள்ளை அதை எடுத்துப் புதுப்பித்திருக்கும்.

அதனால் பாப்பாவுக்கு ஒன்றைத்தான் அழுத்திச் சொல்கிறேன்: புதிதாக எதையும் தொடங்காதே. 11இல் ஒன்றை எடு, முடி, கம்ப்யூட்டர் பழகாத ஒருவரை உட்கார வைத்து நீ பின்னால் நில். வாய் திறக்காதே. அவர் விரல் எங்கே நிற்கிறது என்று மட்டும் பார். உங்கள் அண்ணன் மகன், எட்டாவது படிக்கிறானே, அவனை வைத்து அன்றைக்கே என் மேசையில் செய்து பார்த்தோம். பாடத்தில் "கோப்புறையை உருவாக்குக" என்று இருந்தது. பையன் திரையில் "கோப்புறை" என்ற சொல்லைத் தேடுகிறான், தேடுகிறான். திரையில் இருப்பது "ஃபோல்டர்". பாப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. அங்கேதான் அவள் கற்றுக்கொண்டாள் என்று நினைக்கிறேன். திரையில் இருக்கிற சொல்லை முதலில் எழுது, நல்ல தமிழ்ச் சொல்லை அதோடு சேர்த்து ஒரு முறை சொல், அப்புறம் அவன் தானாகப் பழகிக்கொள்வான்.

இதை முறையாகச் செய்கிற இடம் ஒன்றும் இருக்கிறது. மும்பை ஐஐடியில் உருவான ஸ்போக்கன் டியூட்டோரியல் திட்டத்தில், ஏறத்தாழ 10 நிமிடக் காணொளிகளாகக் கட்டற்ற மென்பொருள்களைக் கற்றுத் தருகிறார்கள். தமிழிலும் உண்டு. திரையில் தெரிவது ஒரு பத்தி, பேசுவது இன்னொரு பத்தி என்று எழுத்துப்படியை இரண்டாகப் பிரித்து எழுதுவார்கள். தெரியாத ஒருவர் செய்து பார்த்து, புரிகிறது என்ற பிறகுதான் அடுத்த கட்டம். பாப்பா அந்த எழுத்துப்படிகளில் நாலைந்தை எடுத்து வரிவரியாகப் படிக்கட்டும். எழுதும் முறை கைக்கு வரும்.

உரிமம் பற்றியும் ஒரு வார்த்தை. அவள் ஒரு பாடத்தில் பாடப்புத்தகப் படத்தை அப்படியே ஒட்டியிருந்தாள். அதை எடுத்துவிடச் சொன்னேன். பொதுவில் வைக்கிற பாடத்துக்கு மற்றவர் எடுத்துப் பயன்படுத்த அனுமதி தருகிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் ஒன்றைத் தேர்ந்து முதல் பக்கத்திலேயே போட வேண்டும். பை-எஸ்ஏ என்ற வகையைப் போட்டால், யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் அவள் பெயரைச் சொல்லியாக வேண்டும், மாற்றியதையும் அதே உரிமத்தில்தான் தர வேண்டும். "என் பிள்ளை எழுதியதை எவனோ தன் பெயரில் போட்டுக்கொண்டால்?" என்று கேட்டீர்களே, அந்த உரிமத்தை அவன் மீறியவன் ஆவான்.

வேலை? உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. மென்பொருள் நிறுவனங்களில் மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று எழுதுகிற டெக்னிக்கல் ரைட்டர் என்று ஒரு வேலை உண்டு, பயிற்சிப் பாடங்கள் உருவாக்குவோருக்கும் இடம் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதுகிற வேலைகள். கல்லூரி முடித்த கையோடு அந்த இடங்களில் நுழைவது எளிதும் இல்லை. தமிழ்ப் பாடம் மட்டும் எழுதிச் சம்பளம் வாங்குவாள் என்று நான் நம்பிக்கை தர மாட்டேன். எனவே எழுதுகிற ஒவ்வொரு பாடத்துக்கும் எளிய ஆங்கில வடிவம் ஒன்றையும் அவளே எழுதட்டும். பைத்தான் என்ற நிரல் மொழியில் அடுத்தவர் எழுதிய நிரலைப் படித்துப் புரிந்துகொள்கிற அளவுக்காவது வரட்டும். வீட்டில் தமிழ், பேருந்தில் மலையாளம், புத்தகத்தில் ஆங்கிலம் என்று வளர்ந்தவள் அவள். இந்த மூன்று மொழி இங்கே எல்லோருக்கும் இருப்பதால் அதன் விலை நமக்குத் தெரிவதில்லை.

உதவித்தொகையோடு கற்கிற வழிகளும் உண்டு. அவுட்ரீச்சி என்ற திட்டத்தில், தேர்வானால் வீட்டிலிருந்தே மூன்று மாதம் கட்டற்ற திட்டம் ஒன்றில் வேலை செய்யலாம், 7,000 டாலர் தருகிறார்கள். ஆவணம் எழுதுகிற பணிகளும் அதில் வருவதுண்டு. கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005 முதல் நடக்கிறது, ஆனால் அது நிரல் எழுதுவோருக்கு. கட்டற்ற மென்பொருளைக் கல்வியில் பரப்புகிற மும்பை ஐஐடியின் ஃபாஸ்ஸீ திட்டத்தையும், திருவனந்தபுரத்தில் கட்டற்ற மென்பொருளுக்கென்றே உள்ள கேரள அரசின் ஐசிஃபாஸ் மையத்தையும் அவள் கவனித்துக்கொண்டே இருக்கட்டும். அவுட்ரீச்சிக்கோ சம்மர் ஆஃப் கோடுக்கோ விண்ணப்பிக்கப் பணம் கட்ட வேண்டியதில்லை. "இடம் வாங்கித் தருகிறோம், 5,000 கட்டுங்கள்" என்று யாராவது கூப்பிட்டால் போனை வைத்துவிடுங்கள்.

கேரள அரசு வேலைக்கான பிஎஸ்சி (பப்ளிக் சர்வீஸ் கமிஷன்) பரீட்சைக்கும் எழுதட்டும் என்றீர்கள், நியாயம். தமிழும் மலையாளமும் தெரிந்தோருக்கென்று தனியாக வருகிற பணியிடங்கள் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய கதவு. அதை மூட வேண்டாம். பாடம் எழுத வாரம் 8 மணி நேரம் போதும், அதையும் இரவு 10 மணிக்கு முன்னால் வைத்துக்கொள்ளட்டும். செமஸ்டர் தேர்வுக்கு மூன்று வாரம் முன்னால் லேப்டாப்பை மூடிவிட வேண்டும். ஒரு பேப்பரில் தோற்று சப்ளி விழுந்தாலும் நான் உங்கள் பக்கம்தான் நிற்பேன், அதை அவளிடமும் சொல்லிவிட்டேன்.

உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. பாதியில் நிற்கிற 11 பாடங்களில் ஒன்று லிப்ரே ஆபிஸின் கணக்குத் தாளான கால்கில் கடைக் கணக்கு எழுதுவது பற்றியது. அளவு நோட்டிலும் காலண்டர் தாளிலும் கணக்கு வைத்திருக்கிற உங்களுக்காகத்தான் அதைத் தொடங்கினாளாம், உங்களிடம் சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறாள். அதை இந்த மாதம் முடிக்கச் சொல்லியிருக்கிறேன். முடித்ததும் ஒரு மத்தியானம் கடையில் வேலை குறைவாக இருக்கும்போது நீங்கள் உட்காருங்கள். தாளில் அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவளை எதுவும் கேட்காமல், பிளவுஸ் தையற்கூலி நாலைந்தை உள்ளிட்டுக் கூட்டிப் பாருங்கள். எங்கே கை நிற்கிறதோ அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, தாளை அவளிடமே கொடுங்கள்.