வாசகர் கேள்வி பதில்: வனக்குற்றத் தடுப்புப் பணிக்குத் தயாராவது எப்படி?

கேள்வி: மேலூர் வட்டத்தைச் சேர்ந்த நான் மதுரையில் பி.எஸ்சி. விலங்கியல் இறுதியாண்டு படிக்கிறேன். வேட்டை, மரக்கடத்தல், நீர்நிலை மாசு ஆகியவற்றின் மீது நடவடிக்கை எடுக்கும் பணியில் சேர விரும்புகிறேன். என்ன பயிற்சி வேண்டும்?

பதில்: நீர்நிலை மாசு, மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் பொறுப்பு. உங்கள் பட்டம் வனத்துறைக்கே நேராகப் பொருந்துவதால் அதை விரிவாகச் சொல்கிறேன்.

வனக்காப்பாளர் பணிக்கு இப்போது டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு வழியாகவும், இந்திய வனப்பணிக்கு யு.பி.எஸ்.சி. வழியாகவும் ஆள் எடுக்கிறார்கள். எழுத்துத் தேர்வோடு நடைத்தேர்வும் உண்டு. ஆண்கள் 4 மணி நேரத்தில் 25 கி.மீ. நடந்து முடிக்க வேண்டும் என்பதால் இன்றே நடக்கத் தொடங்குங்கள். தேர்வான வனக்காப்பாளர்களுக்கும் வனவர்களுக்கும் பயிற்சி தரும் தமிழ்நாடு வனவியல் பயிற்சிக் கல்லூரி, நமக்கு அருகே வைகை அணையில்தான் உள்ளது.

ஆனால் குற்றவாளியைப் பிடிப்பதோடு வேலை முடிவதில்லை. நீதிமன்றத்தில் நிற்கும்படி வழக்கை எழுதத் தெரிய வேண்டும். இதற்குத்தான் நம் இளைஞர்கள் தயாராவதில்லை என்பது என் வருத்தம். முயலுக்கு வைத்த கண்ணி ஒன்றைக் கைப்பற்றினால், அது எந்த மரத்தில் கட்டப்பட்டிருந்தது, கம்பியின் நீளம் எவ்வளவு, எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது என்பவை அந்த இடத்திலேயே மகஜரில், அதாவது சாட்சிகள் முன் எழுதும் பறிமுதல் பதிவில் ஏறி, சாட்சிகள் அதில் கையொப்பமிட வேண்டும். சரக அலுவலகத்துக்குத் திரும்பி நினைவிலிருந்து எழுதிய மகஜரை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் எளிதாக உடைத்துவிடுவார். கண்ணி வைத்தவர் விடுதலையாகி மீண்டும் அதே காட்டுக்குப் போவார்.

வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் 50-ஆவது பிரிவு சோதனை, பறிமுதல், கைது அதிகாரங்களைக் கூறுகிறது. உதவி வனப் பாதுகாவலர் நிலைக்குக் குறையாத, அரசு அதிகாரம் அளித்த அலுவலர், குற்றம் சாட்டப்பட்டவரின் முன்னிலையில் பதிவு செய்யும் சாட்சியம் பின்னர் நீதிமன்ற விசாரணையில் ஏற்கப்படும் என்பதும் அதில் அடங்கும். இத்தனை பெரிய அதிகாரத்தைக் கையாள்பவர் சட்டத்தை வரிவரியாக அறிந்திருப்பது கடமை.

மாசு வழக்கிலும் இதே கவனம் தேவை. 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டப்படி, கழிவுநீர் மாதிரியை ஆலைத் தரப்பினர் முன்னிலையில் இரண்டாகப் பிரித்து முத்திரையிட வேண்டும். இதில் ஆர்வம் மிகுந்தால், பட்டத்துக்குப் பின் மதுரை அரசு சட்டக் கல்லூரியில் மூன்றாண்டு சட்டப் படிப்பில் சேரலாம்.

வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப் புத்தகம் வாங்கும்போது 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்ந்த பதிப்பா என்று பாருங்கள். உயிரினங்களைப் பட்டியலிடும் அதன் அட்டவணைகள் ஆறிலிருந்து நான்காகக் குறைந்துவிட்டதால் பழைய பதிப்பு உதவாது.