பள்ளிக்கூடத்துக்கு என்ன கட்டிக் கொடுப்பது?

கேள்வி: பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் படிக்கும் என் மகளுக்கு 11 வயது, மகனுக்கு 8 வயது. மதியத்துக்கு எலுமிச்சைச் சோறோ நூடுல்ஸோ சிப்ஸுடன் கட்டிக் கொடுக்கிறேன். இடைவேளைக்குப் பிஸ்கட், காலையும் மாலையும் பாலில் சத்துபானப் பொடி. செலவு ஏறிக்கொண்டே போகிறது, மகளோ எப்போதும் சோர்ந்திருக்கிறாள். செலவைக் குறைத்துச் சத்தாகக் கொடுக்க முடியுமா?

பதில்: முடியும். உங்கள் பட்டியலில் காசை அதிகம் விழுங்குபவை பானப் பொடியும் பிஸ்கட்டும் சிப்ஸும்தான். அவற்றால் பிள்ளைகளுக்குச் சேர்வதோ பெரும்பாலும் சர்க்கரை, உப்பு, எண்ணெய். இத்தகைய பானங்களை ‘ஆரோக்கிய பானம்’ என்ற பிரிவில் வைத்து விற்க வேண்டாம் என்று மத்திய வணிக அமைச்சகம் இணைய விற்பனை நிறுவனங்களுக்கு 2024 ஏப்ரலில் அறிவுறுத்தியது. பாலை வெறும் பாலாகவே கொடுங்கள். பொடிக்குச் செலவிடும் பணத்தை முட்டைக்கும் பருப்புக்கும் நிலக்கடலைக்கும் மாற்றுங்கள்.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி உங்கள் மகனுக்கு நாளொன்றுக்குச் சுமார் 23 கிராம் புரதமும், மகளுக்குச் சுமார் 33 கிராமும் தேவை. ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது; 30 கிராம் வறுத்த நிலக்கடலையில் ஏறத்தாழ 7 கிராம். அரசுப் பள்ளிச் சத்துணவில் வாரத்தில் ஐந்து நாளும் முட்டை வழங்குகிறார்கள். கட்டணம் கட்டிப் படிக்கும் உங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் அது கிடைக்காமல் போக வேண்டியதில்லை.

நம் திருநெல்வேலிப் பக்கத்து உளுந்தஞ்சோற்றையும் எள்ளுத் துவையலையும் வாரம் இரண்டு நாளாவது கட்டிக் கொடுங்கள் என்பேன். புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களில் லைசின் என்பது அரிசியில் குறைவு; அதைத் தொலி உளுந்து (தோல் நீக்காத கறுப்பு உளுந்து) ஈடுகட்டுகிறது. பருப்பு வகைகளில் குறையும் மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தை எள் தருகிறது, கூடவே கால்சியத்தையும் தருகிறது. இவ்வளவு பொருத்தமான சேர்க்கையை எந்த விலையுயர்ந்த டப்பாவிலும் நான் பார்த்ததில்லை. மற்ற நாட்களில் எலுமிச்சைச் சோறே இருக்கட்டும். சிப்ஸுக்குப் பதிலாக அவித்த தட்டைப்பயறோ முட்டையோ வையுங்கள். இடைவேளைக்குப் பொரிகடலை, கடலை மிட்டாய், வாழைப்பழம் போதும். நூடுல்ஸில் உப்பு மிக அதிகம். அதை எப்போதாவது ஒரு நாள், வீட்டில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

காலை ஆறரைக்குக் கட்டிய சோறு பன்னிரண்டரைக்குத்தான் வாய்க்குப் போகிறது என்பதால், நம் ஊர் வெயிலில் கெட்டுப்போவதைப் பற்றியும் யோசிக்க வேண்டும். உளுந்தஞ்சோற்றில் தேங்காய்ப் பூவைத் தவிர்த்துவிடுங்கள். துவையலைத் தேங்காய் சேர்க்காமல் புளி வைத்துக் கெட்டியாக அரையுங்கள். தேங்காய்ப்பாலில் செய்யும் சொதியும் தேங்காய்ச் சட்னியும் வீட்டுச் சாப்பாட்டோடு நிற்கட்டும். முந்தைய நாள் மிஞ்சி வெளியிலேயே இருந்த சோற்றைத் தாளித்துக் கொடுக்க வேண்டாம். அதில் வளரும் ஒருவகை பாக்டீரியாவின் நச்சு மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை.

இனி, எனக்கு உண்மையில் கவலை தருவது மகளின் சோர்வு. 10 முதல் 12 வயதுப் பெண் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 28 மில்லிகிராம் இரும்புச்சத்து பரிந்துரைக்கப்படுகிறது. உங்கள் மகனுக்கு 15 போதும். முருங்கைக்கீரை, பயறு வகைகளோடு ஒரு நெல்லிக்காய்த் துண்டோ கொய்யாவோ சேர்ந்தால்தான் அவற்றிலுள்ள இரும்பை உடல் நன்றாக ஈர்த்துக்கொள்ளும். சாப்பிட்ட உடனே குடிக்கும் தேநீரும் காப்பியும் அதைத் தடுக்கும். ஆனால் இரத்தசோகை ஏற்கெனவே வந்திருந்தால் உணவு மட்டும் போதாது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையிலோ இந்த வாரமே ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இந்த வயதில் அது 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 11.5 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. குடற்புழுவுக்கும் சேர்த்து மருத்துவர் மாத்திரை தருவார். அதுவரை கடையில் நீங்களாகவே இரும்புச்சத்து டானிக் வாங்கிக் கொடுக்க வேண்டாம்.