கயிறு கட்டிய இடத்துக்குள் நுழைபவர்களிடம் எப்படிப் பேசுவது?

வணக்கம். கடலோரத் தேசியப் பூங்காவில் பருவகால வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள்; பறவைகள் முட்டையிடும் மணலைக் கயிறு கட்டி மறித்திருந்தும் ஆட்கள் நாயோடு நுழைகிறார்கள், சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள்.

"உள்ளே போகாதீங்க" என்று மட்டும் ஆரம்பிக்க வேண்டாம். அங்கே கூடு இருப்பதே பலருக்குத் தெரியாது. உப்புக்கொத்தி, ஆலா போன்ற கரைப்பறவைகள் வெறும் மணலில் சின்னக் குழி பறித்து முட்டையிடும். முட்டையும் மணல் நிறம்தான். நாய் நெருங்கினால் தாய்ப்பறவை எழுந்து போய்விடும். வெயிலில் கிடக்கும் முட்டைக்குள்ளேயே குஞ்சு சூடு தாங்காமல் செத்துவிடும். இதைச் சொல்லுங்கள், பைனாகுலர் இருந்தால் தூரத்திலிருந்தே கூட்டைக் காட்டுங்கள். பார்த்த பிறகு மனம் மாறுகிறவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்று, தண்ணீர் ஏறும் நேரத்தில் கயிற்றுக்கும் அலைக்கும் நடுவே நடக்க இடமிருக்காது, அப்போதுதான் தாண்டுவார்கள். அந்த நேரம் பெரும்பாலான கரைகளில் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஓத அட்டவணையை (கடல்நீர் ஏறி இறங்கும் நேரப் பட்டியல்) பார்த்து அந்த வேளையில் அங்கே நில்லுங்கள், மாற்றுப் பாதையையும் காட்டிவிடுங்கள்.

அப்படியும் கத்துகிறவரிடம் வாதாடாதீர்கள். விலகி நின்று, அதிகாரம் உள்ள ரேஞ்சரை வாக்கிடாக்கியில் கூப்பிடுங்கள்.