காய்ச்சல் நேரத்தில் இரும்புச்சத்து மாத்திரை ஏன் வேண்டாம்?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. ஹீமோகுளோபின் 9தான் என்பதால் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து வந்தோம். இப்போது டைபாய்டு. காய்ச்சல் விடும்வரை மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார் டாக்டர். பலவீனமாக இருக்கும்போதுதானே சத்து வேண்டும்?

பதில்: உங்கள் டாக்டர் சொன்னது சரிதான். இரும்பு நமக்கு மட்டுமல்ல, டைபாய்டு கிருமிக்கும் சத்து. நம் ரத்தத்தில் இரும்பு சும்மா மிதப்பதில்லை, டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் அதைப் பிடித்து வைத்திருக்கிறது, அதனால் உள்ளே வந்த கிருமிக்கு முதல் நாளிலிருந்தே பஞ்சம்தான். அந்தப் பஞ்சத்தை அது கண்டுகொள்ளும் விதம் எனக்கு இன்றும் வியப்பு. கிருமிக்குள் 'ஃபர்' என்றொரு புரதம் உண்டு. இரும்பு போதுமான அளவு இருந்தால் அது இரும்போடு சேர்ந்து டிஎன்ஏ மேல் போய் உட்கார்ந்துகொண்டு, இரும்பு தேடும் மரபணுக்களை வேலை செய்ய விடாது. இரும்பு குறைந்ததும் விலகிவிடும். உடனே கிருமி என்டரோபாக்டின் என்ற மூலக்கூறைத் தயாரித்து வெளியே அனுப்பி, டிரான்ஸ்ஃபெரினிடமிருந்தே இரும்பைப் பறிக்கும். நம் உடம்பு லிப்போகேலின் என்ற புரதத்தை விட்டு அதை மடக்கப் பார்க்கும். டைபாய்டு கிருமியும் சேர்ந்த சால்மோனெல்லா வகைக் கிருமிகளோ என்டரோபாக்டின்மேல் குளுக்கோஸை ஒட்டி அந்தப் பிடியில் சிக்காமல் தப்பிக்கின்றன! டிப்தீரியா கிருமி இன்னும் மோசம், இரும்பு குறைந்தால்தான் அது நச்சையே சுரக்கிறது.

இந்த இழுபறி நடக்கும்போது நாம் ஏன் குடலில் இரும்பைக் கொட்ட வேண்டும்? அப்படியே கொடுத்தாலும் பெரிதாகப் பயனில்லை. காய்ச்சலில் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகம் சுரந்து, குடல் இரும்பை உறிஞ்சுவதைக் குறைத்துவிடும். அப்புறம் இன்னொன்று, சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி சில ஆன்டிபயாடிக்குகளோடு இரும்பு ஒட்டிக்கொண்டு மருந்தையே உடம்பில் சேரவிடாது.

சாப்பாட்டில் எதையும் குறைக்காதீர்கள். கீரை, முட்டை, பருப்பு எல்லாம் கொடுக்கலாம், அதிலுள்ள இரும்பு ஒன்றும் செய்யாது.

எனக்கு உண்மையில் கவலை வேறு. காய்ச்சலுக்காக நிறுத்திய மாத்திரையைப் பல வீடுகளில் அப்படியே மறந்துவிடுகிறார்கள். 9 என்பது சின்ன விஷயம் இல்லை அம்மா. காய்ச்சல் விட்டு ஆன்டிபயாடிக் கோர்ஸ் முடிந்ததும் டாக்டரிடம் கேட்டு மறுபடி ஆரம்பியுங்கள். உடம்பில் சேமிப்பாக உள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் டெஸ்ட் மட்டும் இப்போது வேண்டாம், காய்ச்சலில் அது ஏறித்தான் காட்டும், இரும்பு நிறைய இருப்பதாக நினைத்து ஏமாந்துவிடுவீர்கள்.