மிஸ்ஸியிடம் கேளுங்கள்: கிழங்கு வெந்த தண்ணி

கேள்வி: மிஸ்ஸி, எங்கள் அப்பா டீ பெக்டரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கிட்னி வருத்தம், டயலிசிஸ் இன்னும் தொடங்கவில்லை. போன கிளினிக்கில் பொட்டாசியம் 5.8 என்று சொல்லி, குறைக்க வேண்டிய சாப்பாடு என்று ஒரு தாள் தந்தார்கள். கிழங்கு, பருப்பு, கீரை, வட்டக்காய், வாழைப்பழம் எல்லாமே அதில் இருக்கிறது. பத்து நாளாக வெறும் சோறும் ரொட்டியும்தான். கிழங்குக் கறி இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. என்னதான் சமைப்பது?
(மகள், பொகவந்தலாவை)

பதில்: மகள், அந்தத் தாளைத் தந்தவர்கள் சமைக்கிற விதத்தையும் சொல்லித் தந்திருக்கலாம். கிழங்கை அடியோடு நிறுத்தத் தேவையில்லை. ஆனால் உங்கள் அம்மாவும் என் அம்மாவும் பழக்கிவிட்ட ஒன்றை நிறுத்த வேண்டும். "வெந்த தண்ணிய ஊத்தாத, அதுலதான் சத்து இருக்கு" என்பார்களே, அந்தச் சத்தில் பொட்டாசியமும் அடக்கம். அது தண்ணீரில் கரைந்து இறங்கிவிடும். லயத்து அடுப்பில் எதையும் வீணாக்காமல் வளர்ந்த நமக்கு அதைக் கொட்ட மனசு வராது. அப்பாவுக்காகக் கொட்டுங்கள்.

100 கிராம் பச்சைக் கிழங்கில் ஏறக்குறைய 400 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. தோலைச் சீவி, சுண்டுவிரல் நுனி அளவுக்குச் சின்னத் துண்டுகளாக வெட்டுங்கள். பெரிய சட்டியில் துண்டுகள் நீந்துகிற அளவுக்குத் தண்ணீர் வைத்து நன்றாக அவித்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுக் கறிக்குப் போடுங்கள். பாதியளவு போய்விடும். துருவி அவித்தால் இன்னும் கூடப் போகும். இராத்திரி முழுக்க ஊறப்போட்டால் போதும் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். வெறும் ஊறலில் பெரிதாக ஒன்றும் இறங்காது. முழுக்கிழங்காக அவித்தாலும் பலன் குறைவு. பருப்பையும் நிறையத் தண்ணீரில் அவித்து வடியுங்கள். அந்தத் தண்ணியில் ரசம் வைத்துவிடாதீர்கள்! எல்லாம் செய்தாலும் அளவு அளவுதான்: கிழங்கு ஒரு சின்னக் கரண்டி, அதுவும் தினமும் வேண்டாம்.

மற்ற நாட்களுக்கு நம் மலையிலேயே நல்ல மரக்கறி இருக்கிறது. சவ்சவ்வில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 125 மில்லிகிராம் பொட்டாசியம், கோவாவில் 170, லீக்ஸில் 180, போஞ்சியில் 210. கீரையில் 500ஐயும் தாண்டும். பழத்தில் அன்னாசியும் ஆப்பிளும் 110க்குள் நிற்கும். வாழைப்பழம் 350, பட்டர் புரூட் 480. குறைந்தது என்று அரை அன்னாசியை ஒரே இருப்பில் முடித்தால் கணக்கு வாழைப்பழத்தைத் தாண்டிவிடும். உடம்புக்குக் குளிர்ச்சி என்று தம்பிலி வாங்கி வருகிற உறவுக்காரரையும் வாசலிலேயே தடுங்கள். ஒரு கிளாஸில் 400க்கு மேல் இருக்கும்.

இனி என் சொந்தப் பிழை. மாமியாருக்குப் பிரஷரும் கிட்னி வருத்தமும். உப்பைக் குறைக்கிறேன் என்று, சோடியம் குறைந்த உப்புப் பக்கெட் ஒன்றை நானே கண்டியில் வாங்கிவந்து கறிக்குப் போட்டேன். முப்பது வருஷம் வார்டில் நின்றவள்! அடுத்த இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 6.2. பக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் 'பொட்டாசியம் குளோரைட்'. சோடியத்தை எடுத்த இடத்தில் பொட்டாசியத்தை வைத்திருக்கிறார்கள். சாதாரண உப்பையே குறைவாகப் போடுங்கள்.

லொசார்டன், எனலப்ரில், ஸ்பைரோனோலக்டோன் போன்ற மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றும். நீங்களாக நிறுத்தாமல் அடுத்த கிளினிக்கில் கேளுங்கள். இரத்தத்தில் பொட்டாசியத்தின் வழக்கமான அளவு 3.5 முதல் 5 வரை. கை கால் சோர்ந்து போனாலோ, நெஞ்சு படபடத்தாலோ கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். கூடிய பொட்டாசியம் இதயத்தைத்தான் பிடிக்கும்.

கேள்வி: டயலிசிஸ் செய்கிறவர் தேத்தண்ணி குடிக்கலாமா? எனக்குக் காலையில் பிளேன்டி இல்லாமல் முடியாது.
(கொழுந்து எடுத்தவர், அட்டன்)

பதில்: குடியுங்கள் ஐயா. பிளேன்டியில் பொட்டாசியம் கொஞ்சம்தான், ஒரு கோப்பைக்கு 100 மில்லிகிராமுக்குள். பால்மா போட்டால் கூடும். உங்களுக்குத் தண்ணீரின் அளவுதான் பெரிய கணக்கு, அதில் இந்தக் கோப்பையையும் சேருங்கள்.

கேள்வி: தோட்டத்தில் காமரங்கா காய்த்துக் கொட்டுகிறது. கிட்னி வருத்தம் உள்ள அண்ணனுக்கு அச்சாறு போட்டுக் கொடுக்கலாமா?
(வாசகர், பண்டாரவளை)

பதில்: ஒரு துண்டு கூடக் கொடுக்காதீர்கள். இது பொட்டாசியத்தோடு நிற்கிற விஷயமில்லை. வெட்டினால் நட்சத்திரமாகத் தெரியும் அந்தப் பழத்தில் மூளையைத் தாக்கும் நச்சு ஒன்று இருக்கிறது. நல்ல கிட்னி அதை வெளியேற்றிவிடும். பழுதான கிட்னியால் முடியாது. முதலில் நிற்காத விக்கல், பிறகு மனக்குழப்பம், வலிப்பு, உயிரே போனதும் உண்டு. தெரியாமல் சாப்பிட்டு விக்கல் தொடங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், வைத்தியரிடம் முதல் வார்த்தையாகக் காமரங்கா என்று சொல்லுங்கள்.