ஷார்ஜாவில் கார் மூழ்கியது: மேக விதைப்பா காரணம்?

2024 ஏப்ரல் 16 வெள்ளத்தில் உங்கள் கார் மூழ்கியதைப் படித்து மனசு கஷ்டப்பட்டது. செயற்கை மழை பெய்ய வைத்தவர்களிடம் நஷ்டஈடு கேட்கலாமா என்கிறீர்கள். அமீரகத்தில் மேக விதைப்புக்கு, அதாவது மேகத்தில் உப்புப் புகை விட்டு மழையைக் கூட்டும் வேலைக்கு, பணம் அரசுடையது. செய்வது தேசிய வானிலை மையம். அல் ஐன் நகரிலிருந்து சிறு விமானங்கள் கிளம்பும். மேகத்தின் அடியில் காற்று மேலெழும் இடம் பார்த்து, இறக்கையில் வரிசையாகச் செருகிய, உப்பு அடைத்த குழல்களை விமானி பற்றவைப்பார். உப்புப் புகை மேலே போய் நீர்த்துளிகளைப் பெரிதாக்கும். மேகம் ஏற்கெனவே இருந்தால்தான் இது நடக்கும். அன்று அல் ஐனின் கத்ம் அல் ஷக்லா பகுதியில் மட்டும் 254.8 மி.மீ. கொட்டியது! அவ்வளவையும் இந்தப் புகை வரவழைக்காது. புயலின்போது விதைக்கவில்லை என்று மையமும் சொல்லிவிட்டது. வழக்கை விடுங்கள், காப்பீட்டில் இயற்கைப் பேரிடர் சேர்ந்திருக்கிறதா பாருங்கள். அப்புறம், தண்ணீர் புகுந்த எஞ்சினைத் தயவுசெய்து ஸ்டார்ட் செய்யாதீர்கள்.